எண்ணறிவும் மூளையும்: சைகைமொழி பயன்படுத்துவோர்

மூளையத்தின் மேற்புறத்தே சற்றுப் பின்னாக அமைந்த பகுதி சுவர்ச்சோணை எனப்படும். தொகைகளை ஒப்பிடும்போது இச்சோணையிலுள்ள பள்ளமொன்றை அண்டிய பகுதி தொழிற்படுகின்றது. கேட்கும் ஆற்றலுடையோருக்கும் சைகைமொழி பயன்படுத்தும் செவிப்புலனற்றோருக்கும் இது பொதுவானதாகும். மேலும், பேச்சைப் போலவே சைகைமொழியும் பெரும்பாலானோரில் பிரதானமாக இடது அரைக்கோளத்திலேயே கையாளப்படுகின்றது. எனவே எண்ணறிவுக்குச் செவிப்புலன் இன்றியமையாததன்று.

ஆயின் மொழி அவசியமா?

நிக்கராகுவா நாட்டில் சைகைமொழி கற்க வாய்ப்பின்றி, தாமே உருவாக்கிய வீட்டுச் சைகைகளுடன் வளர்ந்த செவிப்புலனற்றோர் சிலர் ஆராயப்பட்டனர். இவர்கள் பணத்தைக் கையாண்டு, உழைத்து வாழ்பவர்கள். 2011 இல் வெளியான இவ்வாய்வின்படி, மூன்று வரையான தொகைகளை விரல்களால் சரியாகக் காட்டிய இவர்கள், அதற்கு மேற்பட்டவற்றை அண்ணளவாகவே காட்டினர். அமெரிக்கச் சைகைமொழியைக் கற்ற செவிப்புலனற்றோரோ அவற்றையும் சரியாகக் காட்டினர்.

கவனிக்க: “காது கேளாதவருக்குக் கணிதம் வராது” என எழுதுவது தவறாகும்.

மாதிரி வினா: செவிப்புலனற்ற பிள்ளைக்குச் சைகைமொழியை இளவயதிலேயே கற்பிக்க வேண்டியது ஏன்?

விடை: எண்ணறிவுக்குத் தடையாவது செவிப்புலனின்மை அன்று, மொழி கிடைக்காமையே ஆகும். எண்களின் வரிசையை ஒரு மொழியில் கற்கும்போதே பெரிய தொகைகளைச் சரியாக எண்ணும் ஆற்றல் வளர்கின்றது.