வந்து மறையும் பழுது

இல்லந்தோறும் இன்று பல பொறிகள் நமக்காக உழைக்கின்றன. மாவு அரைப்பது ஒன்று. துணி வெளுப்பது ஒன்று. உணவைக் கெடாமல் காப்பது மற்றொன்று. உழைக்கும் பொருள் எதுவாயினும் ஒருநாள் பழுதுபடுதல் இயல்பே. அப்பழுது இருவகைப்படும். நிலைத்து நிற்பது ஒன்று. வந்து வந்து மறைவது மற்றொன்று. முன்னதைக் கண்டறிதல் எளிது. பின்னதோ, பழுது பார்ப்பவர் வரும் வேளையில் ஒளிந்துகொள்ளும். அவர் சென்றபின் மீண்டும் தலைகாட்டும். பொருளை உடையவருக்கு அவர்மீது ஐயமும், அவருக்கு இவர்மீது சலிப்பும் உண்டாகும். இடையில் பணமும் காலமும் வீணாகும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்குவோம். ஒரு சிற்றூரில் ஆசிரியர் ஒருவர் குடும்பத்துடன் வாழ்ந்தார். அவருடைய அன்னையார் நீரிழிவு நோயினர். அவருக்கு வேண்டிய இன்சுலின் மருந்து குளிர்சாதனப் பெட்டியில் வைக்கப்பட்டிருந்தது. திறவாத இன்சுலின் குப்பிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியசு வரையுள்ள குளிர்ச்சியில் வைத்தல் வேண்டும். வெப்பம் மிகுந்தால் மருந்தின் வலிமை குன்றும். கோடையில் ஓரிரவு பெட்டியைத் திறந்தபொழுது, பனிக்கட்டி உருகி நீர் கசிந்திருந்தது. மருந்துக் குப்பிகளை உடனே அண்டை வீட்டுப் பெட்டியில் வைத்தனர். ஆயினும், இனி என்ன செய்வது என்னும் கவலை அவ்வில்லத்தைப் பற்றிக்கொண்டது.

மறுநாள் காலையில் பழுது பார்ப்பவர் ஒருவர் வந்தார். பெட்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. "தெர்மோஸ்டாட் கெட்டிருக்கக்கூடும்" என்று கூறி, அதனை மாற்றினார். உறுப்புக்கு 1,200 ரூபாயும், வந்து பார்த்தமைக்கு 400 ரூபாயும் பெற்றுச் சென்றார். அடுத்த நாள் மாலையில் பெட்டி மீண்டும் நின்றது. பிறிதொரு நாள் காலையில் வேறொருவர் வந்தார். அவர் எல்லாவற்றையும் சோதித்து, "பழுது ஒன்றும் தெரியவில்லை" என்றார். அவருக்கும் 400 ரூபாய் கொடுக்க நேர்ந்தது. "நம்மை எல்லாரும் ஏமாற்றுகிறார்கள்" என்று ஆசிரியர் சினந்தார்.

அவருடைய மகள் ஒன்பதாம் வகுப்பு மாணவி. அவள் சினக்கவில்லை, ஒரு குறிப்பேட்டை எடுத்தாள். பெட்டி நின்ற நாள், நின்ற நேரம், மீண்டும் ஓடிய நேரம், அப்பொழுது வீட்டில் ஓடிய பிற பொறிகள், கேட்ட ஒலி ஆகியவற்றை எட்டு நாள் எழுதி வந்தாள். பின்னர் அவற்றை ஒப்பிட்டுப் பார்த்தாள். பெட்டி நான்கு நாள்களில் மட்டுமே நின்றிருந்தது. அந்நான்கும் அத்தெருவுக்குக் குடிநீர் வரும் நாள்கள். அந்நாள்களில் மாலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை, நீர் வர வர மின்மோட்டாரால் மேல்தொட்டிக்கு ஏற்றுவர். அவ்வேளையில் சமையலறை விளக்கு மங்கியது. பெட்டியின் பின்புறத்தில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை 'டிக்' என்னும் ஒலி கேட்டது.

மூன்றாவதாக அழைக்கப்பட்டவரிடம் இக்குறிப்புகளைத் தொலைபேசியில் கூறினர். அவர், "நீர் வரும் நாள் மாலையில் வருகிறேன்" என்றார். அவ்வாறே வந்து, மோட்டாரை ஓடவிட்டு மின்னழுத்தத்தை அளந்தார். வீட்டின் முதன்மைச் சுவிட்சில் 225 வோல்ட் இருந்தது. பெட்டிக்கு மின்சாரம் செல்லும் இடத்தில் 180 வோல்டே இருந்தது. மோட்டாருக்கும் பெட்டிக்கும் செல்லும் கம்பி, சுவிட்சுப் பலகையில் ஒரே திருகில் பொருத்தப்பட்டிருந்தது. அத்திருகு தளர்ந்து, கம்பி முனை கருகியிருந்தது. தளர்ந்த இணைப்பில் மின்தடை மிகும். மிகுந்த மின்னோட்டம் அதன் வழியே சென்றால் அவ்விடம் சூடேறும். அப்பால் செல்லும் மின்னழுத்தமும் குறையும். குறைந்த அழுத்தத்தில் கம்பிரசர் சுழலத் தொடங்க இயலாமல் சூடேறியது. அது எரிந்துபோகாமல் காக்கும் 'ஓவர்லோடு' என்னும் சிறு கருவி மின்சாரத்தைத் துண்டித்தது. அதன் ஒலியே அந்த 'டிக்'. சூடு தணிந்ததும் கருவி மீண்டும் இணைத்தது, மீண்டும் துண்டித்தது. காலையில் மோட்டார் ஓடாமையால் குறை ஏதும் தோன்றவில்லை. பழுது பெட்டியிலேயே இல்லை!

அவர் கருகிய முனையை வெட்டி நீக்கி, இணைப்பைச் சீர்செய்து, மோட்டாருக்குத் தனிக் கம்பி இழுத்தார். "தம்பி, முன்பு வந்த இருவருக்கும் தெரியாதது உனக்கு எப்படித் தெரிந்தது?" என்று மூதாட்டியார் வினவினார். "அம்மா, அவர்கள் வந்தபொழுது பழுது இல்லை, நான் வந்தபொழுது இருந்தது. எப்பொழுது வரவேண்டும் என்பதை உங்கள் பேத்தியின் குறிப்பேடு எனக்குச் சொல்லியது" என்று அவர் விடை பகர்ந்தார்.

இந்நிகழ்ச்சியில் நாம் கற்க வேண்டுவன சில உள்ளன. முதலில் வந்தவர் பழுதைக் காணாமலே உறுப்பை மாற்றியது தவறு. இரண்டாமவர் செய்தது தவறன்று. அவர் தெரியாததைத் தெரியாது என்றார். அவர் செலவிட்ட நேரத்திற்கும் கூலி உண்டு. ஆயின், அவரை வேண்டாத வேளையில் அழைத்தது யார் குற்றம்? "சரியாக ஓடவில்லை" என்று மட்டும் கூறுதல், மருத்துவரிடம் "உடல் நலமில்லை" என்று மட்டும் கூறுவதை ஒக்கும். நிற்பது எப்பொழுது, எதனோடு, எத்தனை முறை என்று கூறுதல் நம் கடமை. நிற்கும் காட்சியையும் ஒலியையும் கைப்பேசியில் படம்பிடித்து வைத்தல் இன்னும் நன்று.

கட்டணத்தைப் பற்றியும் தெளிவு வேண்டும். வருகைக் கட்டணம் எவ்வளவு, வேலைக்கூலி எவ்வளவு, உறுப்பின் விலை எவ்வளவு என்பவற்றை வேலை தொடங்குமுன் கேட்டறிதல் வேண்டும். அதே பழுது சில நாளில் மீண்டும் வந்தால் வருகைக் கட்டணம் மறுபடியும் உண்டா என்பதையும் கேட்டல் நலம். மாற்றிய பழைய உறுப்பைக் கேட்டுப் பெறுக. பற்றுச்சீட்டு இல்லாமல் பணம் கொடாதிருக்க. நம் நாட்டில் 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு மாற்றாக 2019ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் 2020 சூலை முதல் நடைமுறைக்கு வந்தது. செய்த பணிக்குப் பற்றுச்சீட்டுத் தர மறுத்தலை அச்சட்டம் முறையற்ற வணிகமாகக் கொள்கிறது. குறைபாடுள்ள பணியால் இழப்புற்றவர் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்; இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். அங்கும் நமக்குச் சான்றாக நிற்பவை பற்றுச்சீட்டும் குறிப்பேடுமே.

ஓர் எச்சரிக்கை உண்டு. எல்லாப் பழுதையும் காத்திருந்து நோக்குதல் கூடாது. பொறியைத் தொட்டால் மின்னதிர்ச்சி தோன்றினாலும், கருகும் மணம் வந்தாலும், பிளக்கு சூடேறினாலும் மின்சாரத்தை உடனே நிறுத்திவிடல் வேண்டும். அதிர்ச்சி ஒருமுறை வந்து மறைந்தாலும், அடுத்த முறை அது உயிரைக் குடிக்கக்கூடும். மாணவர் நோக்கலாம், எழுதலாம். மின்பொறியைத் திறத்தல் தேர்ந்தவர் தொழில்.

வந்து மறையும் பழுதைச் சினத்தால் பிடிக்க இயலாது. ஊகத்தால் மாற்றும் உறுப்புகளாலும் பிடிக்க இயலாது. பொறுமையுடன் நோக்கி, உள்ளதை உள்ளவாறே எழுதி வைப்பவரிடம் அது தானே அகப்படும். உழைத்தவருக்கு உரிய கூலியைத் தயங்காது கொடுப்பதும், கொடுத்த பணத்திற்குக் கணக்குக் கேட்பதும் நேர்மையின் இரு கண்கள். அவ்விரண்டும் உள்ள இல்லத்தில் பொறியும் நீடிக்கும். மனிதரிடையே நம்பிக்கையும் நீடிக்கும்.