ஆத்தும சோதனையின் கிரமம்

அன்பு மகளுக்கு,

உன் பெரியம்மா எழுதிக்கொள்வது. 

உன் கடிதம் கிடைத்தது. ஆஸ்பத்திரி வேலை முடிந்து விடுதிக்குத் திரும்பி, முழந்தாளிட்டு ஆத்தும சோதனை செய்யத் தொடங்கினால், நோயாளியிடம் கடிந்து பேசிய சொல்லும், தோழியின்மேல் மூண்ட பொறாமையும், ஜெபத்தில் வந்த பராக்கும் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பி மனம் முன்னிலும் அதிகமாய்க் கலங்குகிறது என்றும், ஆகையால் சில வாரங்களாக அந்தப் பழக்கத்தையே நிறுத்திவிட்டாய் என்றும் எழுதியிருக்கிறாய். நிறுத்தியதை ஒளிக்காமல் எழுதினாயே, அதில் எனக்கு மெய்யான சந்தோஷம். ஆயினும், மகளே, நீ இத்தனை நாளும் செய்துவந்தது ஆத்தும சோதனையின் ஒரு துண்டுதான். முன்னும் பின்னுமுள்ள பாகங்களை நீக்கிவிட்டு அந்தத் துண்டை மட்டும் தினந்தோறும் விழுங்கினால் எந்த மனந்தான் கலங்காது?

அர்ச். இஞ்ஞாசியார் இயற்றி, 1548-ஆம் ஆண்டில் பாப்பானவர் மூன்றாம் சின்னப்பரின் அங்கீகாரம் பெற்ற ஞானப் பயிற்சிகள் என்னும் சிறு நூலில், இதற்கு ஐந்து படிகள் சொல்லப்பட்டிருக்கின்றன. பெற்றுக்கொண்ட உபகாரங்களுக்காகச் சர்வேசுரனுக்கு நன்றி செலுத்துவது முதலாவது. பாவங்களை அறியவும் அகற்றவும் வரப்பிரசாதம் கேட்பது இரண்டாவது. எழுந்த நேரம் தொட்டு அந்த வேளை வரைக்கும் மணிக்கு மணி, நினைவு, சொல், செயல் என்ற வரிசையில் நாளைப் பார்வையிடுவது மூன்றாவது. மன்னிப்புக் கேட்பது நான்காவது. அவருடைய உதவியால் திருந்துவதற்குப் பிரதிக்கினை செய்து, பரலோக மந்திரம் சொல்லி முடிப்பது ஐந்தாவது. நீயோ மூன்றாம் படியில் ஏறி நின்றுகொண்டு, நான்காம் படிக்குப் போகுமுன்பே அழுது படுத்துவிடுகிறாய்.

நன்றி முதலாவது வைக்கப்பட்டது வெறும் மரியாதைக்காக அன்று. தான் நேசிக்கப்பட்டவள் என்பதை அறியாத ஆத்துமம் தன் குற்றங்களைப் பார்க்கும்போது, தன் பெருமைக்கு நேர்ந்த பங்கத்தைத்தான் பார்க்கிறது. நான் இப்படியும் செய்தேனா என்று வருந்துகிறதேயன்றி, இவ்வளவு தந்தவருக்கு இதையா செய்தேன் என்று வருந்துவதில்லை. இந்த இரண்டு வருத்தமும் வெளிக்கு ஒன்றுபோல் தோன்றினாலும், முந்தியது மனிதனைத் தனக்குள்ளேயே சுருட்டிப்போடும். பிந்தியது அவனைச் சர்வேசுரனிடம் எழுப்பி நடத்தும். ஆகவே எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம் என்று ஒரே வார்த்தையில் கடந்துவிடாதே. மூன்று நாளாய்க் கண் திறவாத கிழவி இன்று கஞ்சி கேட்டது, உனக்குச் சாப்பிட நேரமில்லை என்று கண்டு ஒருத்தி தேநீர் கொண்டுவந்து வைத்தது, நீ தவறவிட்டிருக்கக்கூடிய மருந்து சரியான வேளையில் நினைவுக்கு வந்தது, இவற்றைப் பெயர் சொல்லி எண்ணு. சோதனைக்கென்று ஒதுக்கும் கால் மணி நேரத்தில் பாதி இதற்கே போய்விட்டாலும் பாதகமில்லை.

இரண்டாம் படியைக் குறித்து ஒரு வார்த்தை: உன் ஞாபகசக்தியைக் கொண்டு குற்றங்களைத் தேடுவதும், சர்வேசுரன் தரும் பிரகாசத்தில் அவர் காட்டுவதை மாத்திரம் பார்ப்பதும் வெவ்வேறு காரியங்கள். அவர் காட்டாததைத் தோண்டாதே.

இந்தப் படிகளை ஏட்டறிவால் சொன்னவர் அல்லர் இஞ்ஞாசியார். 1521-ஆம் ஆண்டு மே மாதம் பம்ப்லோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டு அவருடைய வலக்கால் முறிந்தது. கோணலாகக் கூடிய எலும்பை மீண்டும் முறித்துப் பொருத்தினார்கள். பிறகும் துருத்திக்கொண்டிருந்த எலும்பை, பாதரட்சை அணிய அழகாயிராது என்று அவரே கேட்டு அறுக்கச் செய்தார். மயக்க மருந்து இல்லாத காலம்; அது என்ன வேதனை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லொயோலா மாளிகையில் படுத்துக் கிடந்தபோது, வீரர் கதைகளைக் கேட்டவருக்குக் கிறிஸ்துநாதர் சரித்திரமும் அர்ச்சியசிஷ்டர்களின் சரித்திரமுமே கிடைத்தன. உலகப் புகழைக் கனவு காண்கையில் இனித்து, கனவு நீங்கியபின் மனம் வறண்டதையும், அர்ச்சியசிஷ்டர்களைப் போல் நடக்க நினைத்தால் நினைவு போனபின்னும் மகிழ்ச்சி தங்கியதையும் அவர் கவனித்தார். பிற்காலத்து ஆத்தும சோதனைக்கு வித்து அந்தப் படுக்கையில் விழுந்ததென்றே நான் கருதுகிறேன். ஆதலால் நீயும் என்ன செய்தேன் என்று மட்டும் கேளாமல், எந்த வேளையில் மனம் விரிந்தது, எந்த வேளையில் சுருங்கியது என்றும் கேட்டுப் பார்.

அடுத்த ஆண்டு மன்ரேசா நகரில், சொன்ன பாவங்களையே திரும்பத் திரும்பப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியும் சொல்லாமல் விட்டதுண்டோ என்ற சஞ்சலம் தீராமல், உயிரையே மாய்த்துக்கொள்ளும் சோதனை வரைக்கும் அவர் போனார். பழைய பாவங்களை இனிக் கிளறுவதில்லை என்று தீர்மானித்த பிறகே விடுதலை கண்டார். நன்மைபோல் வந்து மனத்தை நசுக்கும் கலக்கம் நல்ல ஆவியினுடையதன்று என்பதை அவர் பட்டுத் தெரிந்துகொண்டார். பாரிஸ் பட்டணத்தில், பின்னாளில் 1542-ல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த அர்ச். சவேரியாரோடு ஒரே அறையில் வசித்த பேதுரு ஃபேபர் என்ற மாணவரும் இதே சஞ்சலத்தால் வருந்தினார். அவருக்கு இஞ்ஞாசியார் ஞானப் பயிற்சிகள் முழுவதையும் உடனே கொடுக்கவில்லை. ஒரு பொதுப் பாவசங்கீர்த்தனம், வாரந்தோறும் பாவசங்கீர்த்தனமும் திவ்விய நற்கருணையும், நாள்தோறும் ஆத்தும சோதனை, இவ்வளவே கொடுத்து ஆண்டுக்கணக்கில் பொறுத்திருந்தார். கலங்கிய மனத்துக்கு அவர் ஆத்தும சோதனையை விலக்கவில்லை என்பதைக் கவனி, மருந்தாகவே கொடுத்தார்.

குறிப்பிட்ட ஒரு குற்றத்தை நீக்குவதற்கு வேறொரு முறையும் ஞானப் பயிற்சிகள் நூலில் உண்டு. வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கோடுகள் வரைந்து, மதிய உணவுக்குப் பிறகு ஒன்றிலும் இரவு உணவுக்குப் பிறகு மற்றதிலும், விழுந்த தடவைக்கு ஒரு புள்ளியாக வைத்து, நாளோடு நாளையும் வாரத்தோடு வாரத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. நோயாளியின் கால்மாட்டில் நீங்கள் தொங்கவிடும் காய்ச்சல் அட்டவணையைப் போன்றது இது. காய்ச்சல் ஏறியதற்காக யாரும் நோயாளியை ஏசுவதில்லை, ஏறுகிறதா இறங்குகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். விழுந்த கணத்திலேயே நெஞ்சில் கை வைத்து வருந்தும்படியும் இஞ்ஞாசியார் சொல்லுகிறார். வார்டில் பலர் நடுவில் நின்றாலும் ஒருவருக்கும் தெரியாமல் செய்யலாம். ஆனால் இந்த அட்டவணையை இப்போது தொடாதே. மனம் அமைந்தபின் தொடங்கலாம், அதுவும் ஒரே குற்றத்துக்கு. உன் விஷயத்தில் அது நோயாளிகளிடம் காட்டும் கடுகடுப்பாக இருக்கட்டும்.

இனி நீ செய்ய வேண்டியது. இராமுறை உள்ள நாட்களில் தூக்கக் கலக்கத்தோடு செய்யாதே. வேலைக்குப் புறப்படுமுன் விடுதிக் கோவிலில் கால் மணி நேரம் உட்கார்ந்து, முந்தின முறையைப் பார்வையிடு. கடிகாரம் கால் மணியைக் காட்டினால், பார்வை முடியாவிட்டாலும் மன்னிப்புக் கேட்டு, பரலோக மந்திரம் சொல்லி எழுந்துவிடு. வறட்சியாயிருக்கும் நாளில் இந்தப் பழக்கத்தைக் குறித்து எந்தத் தீர்மானமும் செய்யாதே. ஆறுதலான காலத்தில் செய்த தீர்மானத்தை வறட்சிக் காலத்தில் மாற்றக்கூடாதென்பது இஞ்ஞாசியாருடைய கண்டிப்பான விதி. பாவசங்கீர்த்தனத்துக்கு ஒரே குருவானவரிடம் தொடர்ந்து போ. இந்தச் சஞ்சலத்தை அவரிடம் விவரமாகச் சொல்லி, பழையவற்றைத் திரும்பச் சொல்ல வேண்டாம் என்று அவர் கட்டளையிட்டால் அப்படியே கீழ்ப்படி. இன்றிரவே தொடங்கி, அடுத்த கடிதத்தில் எந்தக் குற்றத்தையும் எனக்கு எழுதாமல், நன்றி சொன்ன காரியங்களில் நாலைந்தை மட்டும் எழுதி அனுப்பு.

உன் பெரியம்மா