ஆண்களுக்கு மார்பு பெருப்பது ஏன்?

நான் மருத்துவன் அல்லன். ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வெட்கத்தால் நம்மில் பலர் வெளியே சொல்லாத ஒரு தொல்லையைப் பற்றி, படித்தும் மருத்துவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை அன்பர்களுக்காக எழுதுகிறேன்.

ஆண் உடலிலும் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் சிறிதளவு உண்டு. ஆண் ஹார்மோனுடன் அதற்குள்ள விகிதம் மாறினால், மார்புக் காம்பின் பின்னுள்ள சுரப்பித் திசு வளரும். இதுவே கைனகோமாஸ்டியா. விடலைப் பருவத்தில் வருவது பெரும்பாலும் 2 ஆண்டுகளுக்குள் தானே வடிந்துவிடும். பையனைக் கேலி செய்யாதிருந்தால் போதும்.

50 வயதுக்கு மேல் காரணம் தேட வேண்டும். ஆண் ஹார்மோன் குறையும். உடற்கொழுப்பு அதை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும். ஸ்பைரோனோலாக்டோன், டிஜாக்சின், புராஸ்டேட் வீக்கத்துக்கான ஃபினாஸ்டிரைடு போன்ற மருந்துகளாலும் வரலாம். கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு கோளாறுகளும், அரிதாக விரைக்கட்டியும் காரணமாகலாம்.

என் நண்பர் ஒருவர் இதய நோய்க்காக ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிட்டு வந்தார். மார்பு வலித்துப் பெருத்ததும், யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். சில வாரங்களில் கால் வீங்கி, மூச்சுத் திணறி, மருத்துவமனையில் சேர நேர்ந்தது. மருத்துவர் எப்ளெரினோன் என்ற மாற்று மருந்து கொடுத்தார். முன்பே கேட்டிருந்தால் அப்போதே கொடுத்திருப்பார்கள்.

மருத்துவர் முதலில் விரல்களால் அழுத்திப் பார்ப்பார். காம்புக்கு நேர் கீழே ரப்பர் வில்லை போல் தட்டுப்பட்டால் சுரப்பி. முழுதும் மெத்தென்றிருந்தால் வெறும் கொழுப்பு. விரைகளையும் பரிசோதிப்பார். தேவையானால் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மாமோகிராம் உண்டு. ஒரு பக்கம் மட்டும் கெட்டியான கட்டி, காம்பு உள்ளிழுத்தல், ரத்தக் கசிவு, அக்குளில் நெறிகட்டுதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்கலாகாது. மார்பகப் புற்றுநோயாளிகளில் நூற்றுக்கு ஒருவர் அளவில் ஆண்களும் உண்டு.

காரணத்தை நீக்கினால் பல சமயம் வீக்கம் குறையும். வலியுள்ள புதிய வீக்கத்துக்குச் சிலருக்கு டமாக்ஸிஃபென் தருவார்கள். ஓராண்டு கடந்தால் திசு நாராக இறுகிவிடும். பிறகு மருந்து அவ்வளவாகப் பயன்படாது, அறுவைச் சிகிச்சைதான் வழி.

என்ஜின் பழுதானால் முதலில் பதிவேட்டைப் புரட்டுவோம். அதுபோல மருத்துவரிடம் போகும்போது, நாட்டு மருந்து உட்பட நீங்கள் சாப்பிடும் அனைத்தையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.