பனிக்கட்டியாறு விட்டுச்சென்ற பரல்மண்

தமிழிலக்கியம் பயின்றோர்க்குப் 'பரல்' என்னும் சொல் புதிதன்று. பாலைவழிச் செல்வோரின் அடியை உறுத்தும் சிறுகற்களையே அது நினைவூட்டும். வெயிலிற் காய்ந்த நிலத்துக்கு நம் புலவர் வழங்கிய அச்சொல்லை, மழைப்பனி மூடும் மலைக்காட்டு மண்ணுக்கும் வழங்குதல் பொருந்தும். அலாசுக்காவிலும், கனடாவிலும், உறொக்கி மலைத்தொடரிலும் ஊசியிலை மரங்கள் பெரும்பாலும் கல்லும் பரலும் மலிந்த மண்ணிலேயே வேரூன்றி நிற்கின்றன. கற்குவியலின்மீது பெருங்காடு எழுந்தது எவ்வாறு என்பதே ஈண்டு ஆராயப்படும்.

மண்ணின் தோற்றம்

பனிக்கட்டியாறு நீரோடும் ஆறன்று. ஆண்டுதோறும் பெய்த மழைப்பனி உருகாது படிந்து, தன் பாரத்தினாலேயே இறுகிக் கட்டியாகி, சரிவிலே மெல்ல நகரும் பெருந்திணிவே அது. நகருங்கால் அடிப்பாறையைப் பெயர்த்தும் அரைத்தும் செல்லும். உருகிப் பின்வாங்குங்கால் சுமந்து வந்த யாவற்றையும் இறக்கிவிடும். ஐரோப்பாவின் பல பகுதிகளை முன்னொரு காலத்திற் பனிக்கட்டி மூடியிருந்தது என்பதை, இத்தகைய அடையாளங்களைக் கொண்டே, உலூயி அகாசி என்னும் சுவிற்சர்லாந்து அறிஞர் 1840 இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

இப்படிவுகள் இருவகைப்படும். பனிக்கட்டி நேரே இறக்கியது ஒன்று. அதிலே பெரும்பாறை, பரல், மணல், களி ஆகிய யாவும் தரம்பிரியாது கலந்து கிடக்கும், கற்கள் கூர்விளிம்புடையன, சிலவற்றில் உராய்ந்த கீறல்களும் தோன்றும். உருகிய நீர் அள்ளிச்சென்று பரப்பியது மற்றொன்று. அதிலே கற்கள் உருண்டு, பருமன் வாரியாக அடுக்கடுக்காய்ப் படிந்திருக்கும். மண்ணை ஒரு பிடி அள்ளிப் பார்த்த அளவிலேயே இவ்வேறுபாடு பெரும்பாலும் புலப்படும்.

மண்ணின் இயல்புகள்

முதலாவது இயல்பு இளமை. கடைசிப் பனிக்கட்டிக் காலம் முடிந்து ஏறக்குறைய 11,700 ஆண்டுகளே ஆகின்றன. அக்காலத்திற் பனிக்கட்டி மூடாத நம் நாட்டிலோ, பாறைகள் வெப்பத்தாலும் மழையாலும் மிக நெடுங்காலமாகச் சிதைந்து வந்துள்ளன. குளிர்நாட்டுப் பரலோ இன்னும் பாறையின் இயல்பு மாறாதது. அதனுள் உணவுப்பொருள் உண்டு; ஆயினும், அது கல்லுக்குள்ளே பூட்டப்பட்டிருக்கிறது.

இரண்டாவது நீர் தங்காமை. பரல்களின் இடைவெளி பெரிதாதலின், பனி உருகிய நீர் விரைந்து கீழிறங்கிவிடும். ஆகவே குளிர்ந்த காட்டின் நடுவிலும், மழை குன்றிய கோடையில், மரங்கள் நீர் வேட்கையால் வாடுதல் உண்டு. களி மிகுந்து இறுகிய படிவிலோ நீர் இறங்க வழியின்றித் தேங்கும்.

மூன்றாவது புளிப்புத் தன்மை. குளிரினால் உக்குதல் மெதுவாகவே நிகழ்கிறது. உதிர்ந்த ஊசியிலைகள் மெத்தைபோற் படிகின்றன. அவற்றினின்றும் ஊறும் அமிலநீர், மேன்மண்ணிலுள்ள இரும்பையும் அலுமினியத்தையும் கரைத்துக் கீழே கொண்டுசெல்லும். எனவே, பல இடங்களில் இலைமெத்தையின் கீழே சாம்பல்நிறப் படையொன்றும், அதன் கீழே துருநிறப் படையொன்றும் அமைகின்றன. இம்மண்ணுக்குப் 'பொட்சோல்' என்று பெயர். 'அடியிற் சாம்பல்' என்னும் பொருள்பட உருசியநாட்டு உழவர் வழங்கிய சொல்லே பின்னர் அறிவியற் சொல்லாயிற்று.

நான்காவது வேர் ஆழமின்மை. உணவு மேற்படையிலேயே இருத்தலின், மரங்கள் வேரைப் பக்கவாட்டில் விரிக்கின்றன. வேரின் நுனிகளைச் சூழ்ந்து வாழும் பூஞ்சணங்கள் நுண்ணிழைகளைப் பரப்பி, நீரையும் உப்புகளையும் ஈட்டித்தந்து, மரத்தினிடமிருந்து வெல்லத்தைப் பெறுகின்றன. பெருங்காற்று வீசுங்கால் இம்மரங்கள் வேர்த்தட்டோடு சாய்தல் இயல்பு. அங்ஙனம் சாய்கையிற் கீழ்மண் மேலே புரட்டப்படுவதுமுண்டு.

பனிக்கட்டியாற்றுக் குடா காட்டும் சான்று

மண் உருவாதலை ஒருவர் தம் வாழ்நாளில் முற்றக் காணுதல் அரிது. ஆயினும் தென்கிழக்கு அலாசுக்காவில் பனிக்கட்டியாற்றுக் குடா எனப்படும் இடம் அதற்கு வாய்ப்பளிக்கிறது. 1794 இல் கப்பற்றலைவர் வன்கூவரின் குழுவினர் அங்கு சென்றபோது, குடா ஏறக்குறைய முழுவதும் பனிக்கட்டியாகவே இருந்தது. 1879 இல் யோன் மியூர் சென்றபோது பனிக்கட்டி நாற்பது மைலுக்கு மேற் பின்வாங்கியிருந்தது. 1916 அளவில் அது ஏறக்குறைய 65 மைல் விலகிவிட்டது. ஆகவே, குடாவின் வாயிலிருந்து உள்ளே செல்லச்செல்ல, முதிய மண்ணிலிருந்து இளைய மண்ணுக்குச் செல்கிறோம். வில்லியம் கூப்பர் என்னும் தாவரவியலறிஞர் 1916 இல் அங்கு ஆய்வைத் தொடங்கி, நிலையான சிறு நிலத்துண்டுகளைக் குறித்து வைத்தார்.

புதிதாக வெளிப்பட்ட பரலில் நைதரசன் இல்லையென்றே சொல்லலாம். பாசியும் சிறு பூண்டுகளும் முதலில் இடம்பிடிக்கும். ஆல்டர் என்னும் புதர்மரம் பின்னர் அடர்ந்து பரவும். நம் பயறுவகைகளைப் போலவே அதன் வேர்முடிச்சுகளிலும் பற்றீரியா வாழ்ந்து, காற்றிலுள்ள நைதரசனை மண்ணுக்கு ஆக்கித் தருகிறது. குறொக்கர், மேசர் என்னும் ஆய்வாளர் இருவர் 1955 இல் வெளியிட்ட ஆய்வின்படி, தொடக்கத்தில் 8 அளவாயிருந்த மேன்மண்ணின் பீ.எச். பெறுமானம், ஆல்டரின் கீழே 35 முதல் 50 ஆண்டுகளில் 5 அளவுக்கு இறங்கியது. நடுநிலைப் பெறுமானம் 7 ஆதலின், காரமண் அரை நூற்றாண்டிற் புளிப்புமண் ஆயிற்று என்பது பெறப்படும். அதன்பின், சேர்ந்த நைதரசனை உண்டு சிற்கா இசுப்புறூசு மரங்கள் ஓங்கின.

எனினும், இவ்வரிசை எல்லாவிடத்தும் ஒன்றாய் நிகழ்ந்ததெனக் கொள்ளற்க. 1995 இல் பாசுற்றி என்பார் மரவளையங்களை ஆராய்ந்து, குடாவின் மிக முதிய பகுதிகளில் இசுப்புறூசு தொடக்கத்திலேயே வேரூன்றியது என்றும், அங்கு ஆல்டர் அத்துணை ஓங்கவில்லை என்றும் காட்டினார். அருகிலே விதைமரம் இருந்ததா இல்லையா என்பதும் காட்டின் வரலாற்றை மாற்றவல்லது.

நாம் அறிய வேண்டுவது

வளமான மண் முன்னே இருந்தமையாற் காடு வந்ததென்று நினைப்பது எளிது. இங்கோ உண்மை மறுதலையானது: பனிக்கட்டி தந்தது பரலை, அதனை மண்ணாக்கியது உயிரினம். அவ்வளம் முழுவதும் மேலேயுள்ள மெல்லிய உக்கற்படையிலேயே தங்கியிருக்கிறது. உறொக்கி மலையின் உலொட்சுபோல் பைன் காட்டிற் தீப்பற்றுதல் இயற்கையே; அம்மரத்தின் காய்கள் பல தீயின் வெப்பத்தாலேயே விரிந்து விதை சிந்துகின்றன. ஆனால், சரிவிலே கனத்த பொறிகளை ஓட்டி, மேற்படையைச் சுரண்டிக் களைந்தால், எஞ்சுவது பனிக்கட்டி இறக்கிவைத்த அதே கற்குவியல்தான். ஒரு நாளில் அழிந்ததை மீட்கப் பல தலைமுறை காத்திருத்தல் வேண்டும்.

இன்று உலகின் மலைகள் பலவற்றிற் பனிக்கட்டியாறுகள் சுருங்கி வருகின்றன. புதிய பரல்நிலங்கள் வெளிப்படுகின்றன. புதுநிலம் கிடைத்ததென்று எவரும் மகிழ்தல் வேண்டா. அது நிலமேயன்றி, இன்னும் மண்ணன்று. மாணவர் புவியியல் நூலிற் 'பொட்சோல்' என்னும் சொல்லைக் காணுந்தோறும், அதனை ஒரு மண்வகையின் பெயராக மட்டும் மனனஞ் செய்யாது, பாசியும் புதரும் மரமும் பூஞ்சணமும் நெடுங்காலம் உழைத்துச் சேர்த்த தேட்டத்தின் பெயராகவும் உணர்வாராக.