முதுமையும் தளர்ச்சியும்

முதுமை வேறு, தளர்ச்சி வேறு. இவ்விரண்டையும் ஒன்றென எண்ணுவது நம் வீடுகளில் நேரும் முதற்பிழை. நானும் அப்பிழையைச் செய்தவன். ஆகையால்தான் இதனை எழுதத் துணிந்தேன்.

தேவிகுளத்துக்கு அப்பால், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் ஆச்சி வாழ்கிறார். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பெற்றோருடன் மலையேறி வந்து, கொழுந்து கிள்ளியே முதுமை எய்தியவர். ஒரு மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. நான்காம் நாள் தணிந்தது. விடுமுறைக்கு வந்திருந்த நான், "எந்திரிக்காதீங்க ஆச்சி, வேணுங்கிறதை நானே கொண்டு வாரேன்" என்று சொல்லிச் சொல்லி இரண்டு வாரம் அவரைக் கட்டிலிலேயே இருத்தினேன். கஞ்சியும் வெந்நீரும் கைக்கே வந்தன. மூன்றாம் வாரம் அவர் எழ முயன்றார், கால்கள் தாங்கவில்லை. "வயசாயிருச்சுய்யா" என்றார். நாங்களும் அவ்வாறே நம்பினோம்.

உண்மை வேறு. 2007-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், உடல்நலமுள்ள முதியோரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்து அளந்தனர். கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. நோயற்றவர்க்கே இந்நிலை எனின், காய்ச்சலில் கிடந்த மெலிந்த மூதாட்டியின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஆச்சியின் கால்வலிமையைக் கவர்ந்தது வயது மட்டுமன்று; என் அறியா அன்பும் அதற்குத் துணை நின்றது.

தளர்ச்சி என்பது யாது?

2001-இல் லிண்டா ஃப்ரீட் என்னும் அமெரிக்க மருத்துவ அறிஞரும் அவருடன் ஆய்ந்தோரும் தளர்ச்சிக்கு ஐந்து அடையாளங்களை வகுத்தனர். முயலாமலே எடை குறைதல், ஓயாத அசதி, கைப்பிடியின் வலிமை குன்றுதல், நடை மெதுவாதல், உடலியக்கம் சுருங்குதல் என்பன அவை. இவற்றுள் மூன்றோ அதற்கு மேலோ இருப்பின் அவர் தளர்ந்தவர். ஒன்றோ இரண்டோ இருப்பின் தளர்ச்சியின் வாயிலில் நிற்பவர். எண்பது வயதில் ஓர் அடையாளமும் இல்லாதவர் உண்டு. அறுபத்தைந்தில் நான்கும் உடையவர் உண்டு. ஆகவே வயதை மட்டும் எண்ணுவதில் பயனில்லை. நடையையும் பிடியையும் உணவையும் நோக்க வேண்டும்.

இல்லம் தேடிச் சென்ற ஆய்வுகள்

1995-இல் கலிபோர்னியாவின் சான்டா மோனிகா நகரில் நிகழ்ந்த ஓர் ஆய்வின் முடிவுகள் வெளியாயின. 75 வயது கடந்த 414 பேரை இரு கூறாகப் பிரித்து, ஒரு கூற்றினரின் வீடுகளுக்கு மூன்று ஆண்டுகள் தேர்ந்த செவிலியர் சென்று வந்தனர். மூன்றாண்டு முடிவில், குளித்தல், உடுத்தல் போன்ற அன்றாடச் செயல்களுக்குப் பிறர் கையை நாடியோர் செவிலியர் சென்ற வீடுகளில் நூற்றுக்கு 12 பேர். செல்லாத வீடுகளில் 22 பேர்.

2002-இல் தாமஸ் கில் என்பவரும் துணைவரும் தளர்ந்த முதியோர் 188 பேரிடம் மற்றோர் ஆய்வு நடத்தி வெளியிட்டனர். இயன்முறை மருத்துவர் ஆறு மாதம் வீட்டுக்கே சென்று, தசை வலிமைக்கும் உடற்சமநிலைக்கும் எளிய பயிற்சிகள் தந்தனர். மிதமாகத் தளர்ந்தோர் பயன் பெற்றனர். மிகத் தளர்ந்தோர் பெறவில்லை. இதிலிருந்து நாம் அறிய வேண்டுவது ஒன்றே: முற்றிய பின் செய்யும் உதவியினும், வாயிலில் நிற்கும்போதே நீட்டும் கை வலியது.

நம் எல்லைப்புறத்தில்

2011 கணக்கெடுப்பின்படி, இந்திய மக்களில் 60 வயது கடந்தோர் நூற்றுக்கு 8.6 பேர், கேரளத்தில் 12.6 பேர். இம்மாநிலம் இத்துறையில் முன்னோடி என்பதும் உண்மையே. 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம் ஊர்தோறும் தொண்டர்களைத் திரட்டியது. 2008-இல் கேரள அரசு, இந்திய மாநிலங்களில் முதலாவதாக, வலி தணிப்புப் பேணலுக்கெனக் கொள்கை வகுத்தது. ஊராட்சியின் பயிற்சி பெற்ற செவிலி, நோயாளியின் இல்லத்துக்கே வரும் முறை அதனால் வேரூன்றியது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டமும் இவ்வழிப்பட்டதே.

எங்கள் லயத்துக்கும் அத்தகைய செவிலி ஒருவர் வந்தார். ஆச்சி அவரிடம், "ஒரே மயக்கமா இருக்கு சிஸ்டர்" என்றார். செவிலி, "ராத்திரியில் உறக்கம் குறைவோ?" என்று மலையாளத்தில் வினவினார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தமிழில் மயக்கம் என்றால் தலைசுற்றல். மலையாளத்தில் அச்சொல்லே தூக்கக் கலக்கத்தைக் குறிக்கும். நான் பொருளை விளக்கியதும், அவர் படுத்த நிலையில் ஒருமுறையும் நின்ற நிலையில் ஒருமுறையும் இரத்த அழுத்தத்தை அளந்தார். நின்றதும் அழுத்தம் வெகுவாகத் தாழ்ந்தது. மருத்துவர் மாத்திரையின் அளவைக் குறைத்தார். அச்சொல் விளங்காமற் போயிருப்பின், ஆச்சி என்றேனும் வாசற்படியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்திருக்கலாம்.

சித்தூர், கொழிஞ்சாம்பாறை முதல் மறையூர், பீர்மேடு வரை, வீட்டில் தமிழும் அலுவலில் மலையாளமும் வழங்கும் குடும்பங்கள் பல. இரு மொழியும் அறிந்த பேரப்பிள்ளை அருகிருத்தலும் அங்கே ஒரு மருத்துவமே.

இன்னொன்றையும் சொல்லாதிருத்தல் கூடாது. இல்லத்தில் பேணுவதற்கு இல்லம் வேண்டும். 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளருக்கு வீடு தரும் கடமையை உரிமையாளர் மேல் வைத்தது. ஆயினும் அவ்வீடு வேலையோடு வருவது, வேலையோடு போவது. என் தந்தை தோட்டத்தில் வேலை செய்வதால் ஆச்சிக்கு லயத்தில் இடமுண்டு. அவ்வாறு ஒருவரும் இல்லாத முதியோர், தளரும் காலத்திலேயே மலையை விட்டு இறங்க நேர்கிறது. செவிலி வந்து தட்டுவதற்குக் கதவே இல்லை எனின், எந்த ஆய்வு அவர்களுக்கு உதவும்?

நாம் செய்யத்தக்கவை

விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நண்பர்களே! உங்கள் வீட்டு முதியோரின் நடையைக் கவனியுங்கள். சட்டை தொளதொளத்தால் எடையைப் பாருங்கள். காய்ச்சல் தணிந்ததும், மருத்துவர் தடுக்காவிடில், தாங்கிப் பிடித்து நடத்துங்கள். படுக்கையிலிருந்து எழுமுன் சற்று உட்காரச் சொல்லுங்கள். வெறுங்கஞ்சியோடு நிறுத்தாமல் பருப்பும் பயறும் முட்டையும் சேருங்கள். எழவே இயலாதவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவையுங்கள். படுக்கைப்புண் வாராது காக்கலாம். செவிலி வரும் நாளில் உடனிருந்து சொல்லுக்குச் சொல் பொருள் கூறுங்கள்.

ஆச்சி நாற்காலியைப் பிடித்து எழுந்து அமரும் பயிற்சியை நாள்தோறும் செய்தார். இன்று கோலூன்றித் தண்ணீர்க் குழாய் வரை தாமே செல்கிறார். தோட்டத்து ஏற்றம் இனி அவருக்கு எட்டாது. நான் குடத்தை வாங்கப் போனால், "விடுய்யா, நானே தூக்குறேன்" என்கிறார். இப்போது நான் விட்டுவிடுகிறேன். ஓரடி பின்னால் நடக்கிறேன்.