ஊரில் கண் பார்த்தே காலம் தள்ளலாமா?

கேள்வி: கண் பரிசோதனை படித்துவிட்டு, கொழும்பில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். ஊரில் சொந்தமாகத் தொடங்கினால் கடைசிவரை நிலைக்குமா?
– வாசகி, எலுவன்குளம்

பதில்: நிலைக்கும், தங்கச்சி. ஆனால் எலுவன்குளத்தை மட்டும் நம்பாதீர்கள். நிலையம் புத்தளம் நகரில் இருக்கட்டும். கிழமையில் ஒரு நாள் ஊரில் பாருங்கள். வலை பொத்துகிறவருக்கும் ஊசியில் நூல் கோர்க்கிறவருக்கும் நாற்பதையொட்டிக் கிட்டத்தில் இருப்பது மங்கும். அறுபது வரை சில வருடங்களுக்கொருமுறை வில்லையின் வலு மாறும். அதே ஆள் திரும்பத் திரும்ப வருவதில்தான் இந்தத் தொழிலின் ஆயுள் இருக்கிறது. ஆகவே ஒவ்வொருவரின் அளவையும் எழுதி வையுங்கள். பழைய கண்ணாடியே போதுமென்றால் அதைச் சொல்லி அனுப்புங்கள். அன்றைய விற்பனை போனாலும் அவருடைய குடும்பமே பிறகு உங்களிடம் வரும்.

சலரோகக்காரருக்குப் பார்வை தெளிவாக இருந்தாலும் வருடமொருமுறை விழித்திரையைப் பார்க்கக் கண் வைத்தியரிடம் அனுப்புங்கள். கண் அழுத்த நோயும் பெரும்பாலும் வலியில்லாமலே பார்வையைத் தின்னும். இவர்களை வைத்தியரிடம் அனுப்புவதில் தயக்கமே கூடாது.

உதவிக்கு ஓர் ஆளும் வேண்டும். மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியில் ஓய்வுபெற்ற பின் 1976இல் 11 கட்டில்களோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கிராமத்துப் பெண்களைப் பயிற்றுவித்தே அது வளர்ந்தது. நீங்களும் ஊர்ப்பிள்ளை ஒருத்தியைப் பழக்குங்கள். கருவிகளில் முதலில் ரெட்டினோஸ்கோப்பும் சோதனை வில்லைப் பெட்டியும் வாங்குங்கள். விலை கூடிய இயந்திரத்துக்கு இப்போதே கடன்படவேண்டாம்.