பெயரை மாற்றினால் படம் ஓடுமா?

கணிப்பொறியில் நன்றாக ஓடிய வீடியோ, செல்போனில் ஏற்றியதும் ஓட மறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். சில சமயம் ஒலி மட்டும் கேட்கும்; திரை இருண்டு கிடக்கும். கோப்பின் பெயர் 'எம்.கே.வி.' என்று முடிவதை அழித்துவிட்டு 'எம்.பி.4' என்று எழுதிப் பார்ப்பவர்களும் உண்டு. அதனால் கோப்பின் உள்ளே ஒன்றும் மாறுவதில்லை. ஏன் தெரியுமா?

முதலில் ஒரு கணக்குப் போடுவோம். ஒரு படத்தில் கிடையாக 1920 புள்ளிகளும் நெடுக்காக 1080 புள்ளிகளும் இருக்கட்டும். மொத்தம் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 3 பைட்டுகள் வேண்டும். விநாடிக்கு 25 படங்கள் என்றால், ஒரு விநாடிக்கு 15,55,20,000 பைட்டுகள்! 64 ஜிகாபைட் நினைவு அட்டைகூட 7 நிமிடத்திற்குள் நிரம்பிவிடும்.

ஆகவே வீடியோவைச் சுருக்கியே எழுதுகிறார்கள். அசையாத காமிரா எடுத்த கிரிக்கெட் ஆட்டத்தில் பந்தும் ஆட்டக்காரர்களும் நகர்கிறார்கள். புல்தரை அப்படியே இருக்கிறது. புல்தரையைப் படத்துக்குப் படம் புதிதாக எழுதாமல், 'முன் படத்தில் உள்ளதே' என்று குறித்தால் போதும் அல்லவா? கண் எளிதில் காணாத நுண்விவரங்களும் விடப்படுகின்றன. இப்படிச் சுருக்கவும் விரிக்கவும் உதவும் முறைக்குக் கோடெக் என்று பெயர். 2003-இல் வந்த எச்.264, 2013-இல் வந்த எச்.265, 2018-இல் வந்த ஏ.வி.1 ஆகியவை அவற்றுள் சில.

வீடியோ கோப்பை ஒரு கடிதமாக எண்ணிப் பாருங்கள். எம்.பி.4, எம்.கே.வி. என்பவை உறைகள். கோடெக், உள்ளே உள்ள கடிதத்தின் மொழி. செல்போனில் சில மொழிகளைப் படிப்பதற்கென்றே தனி மின்சுற்று உண்டு. அது மின்கலத்தை அதிகம் தின்னாது. அச்சுற்றுக்குத் தெரியாத மொழியானால், முதன்மைச் செயலி மென்பொருளின் துணையோடு படிக்க வேண்டும். மின்சாரம் விரைவில் தீரும், படமும் தடுமாறலாம். அதுவும் இயலாவிட்டால் படம் ஓடாது.

இப்போது விடை தெளிவாகும். பெயரை மாற்றுவது உறையின் மேலெழுத்தை மாற்றுவதே. மொழி தெரிந்து, உறை மட்டும் பழக்கமில்லை என்றால் வேறு உறையில் இட்டால் போதும். சிறிது நேரத்தில் முடியும். படத்தின் ஒரு புள்ளிகூட மாறாது. மொழியே தெரியாவிட்டால் மட்டும் கடிதத்தை வேறு மொழியில் திருப்பி எழுத வேண்டும். ஃபாப்ரீஸ் பெல்லார் என்ற பிரெஞ்சு நிரலர் 2000-இல் தொடங்கிய 'எஃப்எஃப்எம்பெக்' என்னும் இலவச மென்பொருள் இவ்விரண்டையும் செய்யும். எம்.பி.4 உறை, எச்.264 படம், ஏ.ஏ.சி. ஒலி என்று தேர்ந்தால் ஏறக்குறைய எல்லாச் செல்போன்களிலும் ஓடும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. திருப்பி எழுதும் ஒவ்வொரு முறையும் சில விவரங்கள் உதிர்கின்றன. உதிர்ந்தவை எந்த மென்பொருளாலும் திரும்பி வருவதில்லை. உங்கள் பாட்டி பேசும் ஒரே வீடியோவைச் செல்போனுக்காகச் சுருக்கிவிட்டு, மூலத்தை இடம் போதாதென்று அழித்தால், இழப்பு நிரந்தரம். மூலத்தைப் பத்திரப்படுத்துங்கள், மாற்ற வேண்டியபோதெல்லாம் மூலத்திலிருந்தே மாற்றுங்கள்.

செய்து பாருங்கள்: விநாடிக்கு 40 லட்சம் பிட்டுகளாகச் சுருக்கிய 10 நிமிட வீடியோ எத்தனை பைட்டுகள்? (8 பிட்டுகள் 1 பைட்டு.)

விடை: 30 கோடி பைட்டுகள். சுருக்காமல் இருந்தால் ஏறத்தாழ 311 மடங்கு இடம் பிடித்திருக்கும்!